தோலும் ரசனையும்

கதையையும் நாவலையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன் கம்ப்யூட்டர் திரையின் அழகைப் பற்றி எழுதப் புறப்பட்டால், இவனுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். ஆனால் பொழுது விடிந்தால் நம்மில் பலர் பார்க்கிற முகம் இப்போது அந்தத் திரைதான். நாளொன்றுக்கு ஆறு மணி, எட்டு மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறோம். அவ்வளவு நேரம் கண்ணில் படுகிற ஒன்றை அழகாகச் செய்துகொள்ள வேண்டும் என்று உலகத்தில் பல பேர் பாடுபட்டிருக்கிறார்கள். அதில் நல்லது செய்தவர்களும் உண்டு. குப்பையைக் கொட்டினவர்களும் உண்டு. நல்லதையும் குப்பையையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் எதுவானாலும் விமரிசனத்துக்கு அங்கே வேலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

விஷயம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் ஓடுகிற எந்தப் புரோகிராமுக்கும் இரண்டு பாகங்கள் உண்டு. பாட்டு வாசிக்கிற புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். பைலில் இருக்கிற பாட்டை ஒலியாக மாற்றுவது ஒரு பாகம். பட்டன்கள், எண்கள், ஓரச் சட்டம், நிறம் என்று நம் கண்ணுக்குத் தெரிவது இன்னொரு பாகம். முதல் பாகத்தைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அப்படி மாட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஸ்கின் என்று பெயர் வைத்தார்கள். வேண்டியபோது மாற்றிக்கொள்வதால் சட்டை என்பதுதான் பொருத்தமான பெயர். ஆனாலும் தோல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நானும் தோல் என்றே சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் திரையை மேஜை என்று முதலில் பாவித்தவர்கள் அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனிக்காரர்கள். 1981ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் என்ற இயந்திரத்தில் காகிதமும் பைல் கட்டும் படமாகத் திரையில் கிடந்தன. 1984ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தபோது அந்த மேஜை ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த முதல் மெக்கின்டாஷிலேயே ஒரு சின்ன வசதி இருந்தது. மேஜைப் பரப்பின் கோலத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு புள்ளிகள். ஒவ்வொன்றையும் கறுப்பாக்கலாம் அல்லது வெள்ளையாக விடலாம். அந்தச் சதுரமே திரை முழுவதும் திரும்பத் திரும்பப் படரும். நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது என்ன வகை இன்பம் என்று விளக்க வேண்டியதில்லை. இதற்கு அப்பால் நான் சொல்லப் போகிற அத்தனையும் அந்த அறுபத்து நான்கு புள்ளிகளிலிருந்து வளர்ந்ததுதான்.

மேஜை என்று சொல்லிவிட்ட பிறகு, உட்காருகிறவன் அதைத் தன் மேஜை என்று எண்ணாமல் இருப்பானா? தன் இஷ்டப்படி சாமான்களை வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பான். விற்கிற கம்பெனிகள் இந்த ஆசையை அறிந்தே இருந்தன; அளந்து அளந்து கொடுத்தன. 1992ல் வந்த மைக்ரோஸாப்டின் விண்டோஸ் 3.1ல் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சில வர்ண அமைப்புகள் இருந்தன. அவற்றில் ஹாட் டாக் ஸ்டாண்ட் என்று ஒன்று. பச்சைச் சிவப்பும் பளீர் மஞ்சளும் அடித்த சந்தைக் கடை மாதிரி இருக்கும். இன்றுவரை அவலட்சணத்துக்கு உதாரணமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1995ல் விண்டோஸ் 95க்குத் துணையாக பிளஸ் என்று ஒரு கட்டைத் தனியே விற்றார்கள். லியோனார்டோ டா வின்சி, மர்மம், பிரயாணம், பயங்கர ஜந்துக்கள் என்றெல்லாம் பெயர் வைத்த அலங்காரங்கள் அதில் வந்தன. பின்னணிப் படம், மவுஸ் முள், ஐகான், சப்தம் நான்கும் ஒரே ராகத்தில் மாறும். கல்யாண மண்டபத்துக்காரர் தம் பட்டியலிலிருந்து ஒரு ஜோடனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது போலத்தான் அது. கொடுத்ததில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; ஜன்னலின் உருவத்தையே நாமாகச் செய்ய வழியில்லை.

நாமாகச் செய்கிற வழியைத் திறந்துவிட்டது விளையாட்டுப் போல எழுதப்பட்ட ஒரு சிறிய புரோகிராம். அரிஸோனாவைச் சேர்ந்த ஜஸ்டின் ஃபிராங்கெல் என்ற இளைஞரும் டிமிட்ரி போல்டிரெவ் என்பவரும் 1997ல் வின்ஆம்ப் என்ற பாட்டுப் புரோகிராமை வெளியிட்டார்கள். அதற்குத் தோல் மாட்டும் வசதி வந்து, 1998ல் வெளியான இரண்டாம் பதிப்போடு அது உலகமெங்கும் பரவியது. தோல் செய்ய புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். படம் வரையத் தெரிந்தால் போதும். சில படங்களை வரைந்து, குறித்த பெயர்களைக் கொடுத்து, ஒரே கட்டாகச் சுருக்கிவிட்டால் தோல் தயார்.

அந்தப் படங்களின் சட்டதிட்டங்களைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முக்கியமான ஜன்னலின் அகலம் 275 புள்ளி. உயரம் 116 புள்ளி. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. நேரத்தைக் காட்டுகிற எண் ஒவ்வொன்றும் 9 புள்ளி அகலம், 13 புள்ளி உயரம். பாட்டின் பெயர் ஓடுகிற எழுத்து ஐந்துக்கு ஆறு புள்ளிக்குள் அடங்க வேண்டும். பட்டன் ஒவ்வொன்றுக்கும் அழுத்தாதபோது ஒரு படம், அழுத்தியபோது ஒரு படம். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஒரே ஒரு கோலுக்கு மட்டும் 28 படங்கள். பட்டன் இருக்கிற இடத்தையும் மாற்ற முடியாது. அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும்.

இவ்வளவு விதிகளுக்குள் என்ன சுதந்திரம் இருக்க முடியும் என்று தோன்றும். வெண்பாவில் என்ன சுதந்திரம் இருக்கிறது என்று கேட்பது மாதிரி அது. எல்லை இறுக்கமாக இருந்ததால் ஆயிரக்கணக்கான பேர் அதற்குள் புகுந்து பார்த்தார்கள். மரப்பெட்டி ரேடியோ மாதிரி ஒருவர் செய்தார். காருக்குள் இருக்கிற ஸ்டீரியோ மாதிரி ஒருவர், எலும்பும் நரம்பும் பின்னின வேற்றுக்கிரக ஜந்து மாதிரி ஒருவர், ஜப்பானியச் சித்திரப் பெண்ணை நடுவில் படுக்கவைத்து ஒருவர். 1999ல் மேட்ரிக்ஸ் படம் வந்ததும் கறுப்பில் பச்சை எழுத்தாக ஒரு கூட்டமே கிளம்பியது. கூத்தில் ராமாயணம் பார்க்கிறவனுக்குக் கதை தெரியும். எப்படிச் செய்கிறான் என்பதைப் பார்க்கத்தான் அவன் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். வின்ஆம்ப் தோல்களின் ரசனையும் அந்த ரகம்தான். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதை இவன் என்ன செய்திருக்கிறான் என்பதே கேள்வி.

இந்தத் தோல்களில் நல்லவை எவை? நான் பார்த்த மட்டில், அழுத்தின பட்டனுக்கும் அழுத்தாத பட்டனுக்கும் உள்ள வித்தியாசத்தில் சிரத்தை காட்டினவர்கள்தான் நல்ல கலைஞர்கள். ஜன்னலின் முகப்பை யாரும் ஜொலிக்கச் செய்துவிடலாம். ஒரு பட்டன் உள்ளே போகிறபோது அதன் மேல் விளிம்பில் ஒரு நிழல் விழ வேண்டும்; அந்த நிழல் ஒரே ஒரு புள்ளி கனம்தான். அதைக் கவனித்து வைத்தவன் கையால் தொட்டுப் பழகப் போகிறவனை மனத்தில் வைத்து வேலை செய்திருக்கிறான். கவனிக்காதவன் படம் வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். மோசமான தோல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது இனம். ஒரு நடிகையின் புகைப்படத்தை 275க்கு 116ல் வெட்டி, அவள் கன்னத்தின் மேல் பட்டன்களை ஒட்டிவிட்டு, தோல் செய்துவிட்டேன் என்று சொன்னவர்கள் அநேகம். தொடர்கதையில் அத்தியாயத்துக்கு ஒரு வர்ணனை என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிற எழுத்தாளர்கள் நமக்குப் புதியவர்களா என்ன!

தயாரிப்பாளர்களே இந்த வேலையில் இறங்கியபோது அதைவிட மோசமாகச் செய்ததும் உண்டு. 1999ல் ஆப்பிள் தன் குவிக்டைம் புரோகிராமின் நான்காவது பதிப்புக்கு உலோகத் தகடு மாதிரி ஒரு முகத்தை மாட்டியது. ஒலியைக் கூட்டக் குறைக்கப் பல் வைத்த சக்கரம் ஒன்று. கட்டை விரலால் உருட்டுகிற சக்கரம் கைக்கருவியில் சௌகரியம். திரையில் மவுஸால் உருட்டு என்றால் எப்படி உருட்டுவது? திரை அமைப்பின் குற்றங்களைப் பொறுக்கி எடுத்துப் பட்டியல் போட்டவர்கள் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உரித்துவிட்டார்கள். பொருளின் தோற்றத்தை மட்டும் இரவல் வாங்கி, அதைக் கை எப்படிப் பிடிக்கும் என்பதை மறந்த தோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாட்டுப் புரோகிராமுக்குச் சட்டை மாற்றினவர்கள் அதோடு நிற்கவில்லை. எல்லா ஜன்னல்களுக்கும் மாற்ற வேண்டும் என்று புறப்பட்டார்கள். மெக்கின்டாஷில் கலைடாஸ்கோப் என்ற புரோகிராம் 1990களின் பிற்பகுதியில் அதைச் செய்தது. விண்டோஸில் மிச்சிகனைச் சேர்ந்த ஸ்டார்டாக் கம்பெனியின் விண்டோபிளைண்ட்ஸ் 1999லிருந்து அதைச் செய்தது. தலைப்புப் பட்டை, ஓரம், பட்டன் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றுகிற காரியம் இது. ஆசை நியாயமானது, விளைவு அவ்வளவு சிலாக்கியமாக இல்லை. ஒரு வீட்டில் பத்துப் பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தது போல ஆயிற்று. சில புரோகிராம்கள் தம் பட்டன்களைத் தாமே வரைந்துகொள்ளும். அவை இந்தத் தோலுக்குக் கட்டுப்படாது. வெளியே தங்கச் சரிகை, உள்ளே பழைய சாம்பல் என்று பாதி அலங்காரத்தில் நிற்கும். தோல்காரர் பின்னணியைக் கறுப்பாக்கியிருப்பார். புரோகிராம் எழுதினவர் எழுத்து கறுப்பில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருப்பார். கறுப்பின் மேல் கறுப்பை யார் வாசிப்பது? இந்த வகையில் வெற்றி பெற்ற தோல்கள், நான் கண்டவரை, அடக்கமானவை. தலைப்புப் பட்டையை ஒரு கோடு மெல்லிசாக்கி, சாம்பலைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, மாற்றியிருப்பதே தெரியாமல் மாற்றியவை. நல்ல நடையும் அப்படித்தானே இருக்க வேண்டும்!

2002 ஆகஸ்டில் வின்ஆம்பின் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய கட்டுப்பாடுகளை அதில் தளர்த்திவிட்டார்கள். ஜன்னல் எந்த வடிவத்திலும் இருக்கலாம், பட்டன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கேட்ட சுதந்திரம் கிடைத்தது. ஆனால் புரோகிராம் கனத்துப்போய் மெதுவாக நகர்ந்தது. பலர் பழைய இரண்டாம் பதிப்புக்கே திரும்பிவிட்டார்கள். 2003 டிசம்பரில் இரண்டையும் சேர்த்து ஐந்தாம் பதிப்பு என்று வெளியிட்டார்கள். இரண்டும் மூன்றும் ஐந்து என்று கணக்குச் சொன்னார்கள். எல்லையை எடுத்துவிட்டால் கலை தானாகச் செழிக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தச் சிறு சரித்திரத்தை யோசித்துப் பார்க்கலாம்.

சுதந்திரத்தை இதைவிட நன்றாகப் பயன்படுத்தியது ரெயின்மீட்டர் என்ற புரோகிராம். கிம்மோ பெக்கோலா என்பவர் 2001ல் ஆரம்பித்தது. பிற்பாடு பல பேர் சேர்ந்து வளர்த்தது. இனாமாகக் கிடைப்பதோடு அதன் மூலமும் திறந்தே இருக்கிறது. எந்தப் புரோகிராமின் மேலும் போர்த்துகிற தோல் அல்ல இது. வெறும் மேஜைப் பரப்பின் மேல் நாமாக எழுதுகிற எழுத்து. கடிகாரம், வானிலை, பேட்டரியின் மிச்சம், கம்ப்யூட்டரின் மூளை எவ்வளவு உழைக்கிறது என்ற கணக்கு, எது வேண்டுமானாலும் வைக்கலாம். இதன் தோல் ஒரு சாதாரண எழுத்துப் பைல். அதில் இரண்டே இரண்டு சங்கதிகள்: அளப்பது, காட்டுவது. இன்னதை அள என்று ஒரு பகுதி. அளந்ததை இத்தனை புள்ளி தள்ளி, இந்த எழுத்தில், இந்த நிறத்தில் காட்டு என்று ஒரு பகுதி. ஆயிரம் மில்லிஸெகண்டுக்கு ஒரு முறை புதுப்பி என்று ஒரு வரி. எழுத்தறிந்த எவனும் அதைத் திறந்து ஓர் எண்ணை மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இலக்கணம் படிக்காதவன் பாட்டுக் கட்டுவது மாதிரி, புரோகிராம் படிக்காத எத்தனையோ பேர் இதில் தோல் கட்டினார்கள்.

கட்டினவற்றைப் பற்றி என் தீர்ப்பு இரண்டு விதம். எனிக்மா என்ற பெயரில் ஒரு தொகுப்பு பிரபலமாக இருந்தது. செய்தி, குறிப்பு, வானிலை எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் திரையின் ஓரங்களில் அடுக்கி, நடுவை வேலைக்கு விட்டுவிடலாம். தச்சன் தன் உளிகளைச் சுவரில் வரிசையாக மாட்டியிருப்பது போன்ற அழகு அது. ஆம்னிமோ என்று இன்னொன்று. மைக்ரோஸாப்ட் தன் போனுக்காகச் செய்த ஓடு ஓடான அமைப்பை மேஜைக்குக் கொண்டுவந்தது. சாமர்த்தியமான வேலைதான். ஆனால் இரவல் குரல். மோண்ட் என்று மூன்றாவது. கிழமையின் பெயரைப் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் திரை நடுவில் காட்டும். ஒரு மலைப் படத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தால் மனசு குளிர்கிறது. அதே மலை, அதே மூடுபனி, அதே கிழமை என்று நூறு திரைகளைப் பார்த்த பிறகு ஒரு சந்தேகம் எழுகிறது: இவர்களில் யாராவது இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்துகொள்வதற்காக இதை வைத்தார்களா?

வின்ஆம்ப் தோல், கை தொடுகிற கருவியின் மேல் இருந்தது. பாட்டை நிறுத்தப் போகிறவன் அந்தப் பட்டனைப் பார்த்தே ஆக வேண்டும். ரெயின்மீட்டர் தோலோ, பெரும்பாலும் மேஜைப் பரப்பில், எல்லா ஜன்னல்களுக்கும் அடியில் கிடக்கிறது. கடிதம் எழுத ஒரு ஜன்னலைத் திறந்தால் அது மறைந்துவிடும். வேலையே செய்யாமல் இருக்கிறபோதுதான் அதை முழுவதும் பார்க்க முடியும். கருவியின் மேல் இருந்த கலை இப்படி வெறும் மேஜைக்கு இறங்கிவந்ததும் அதன் குணமே மாறிப்போய்விட்டது. ஜனங்கள் திரையை அலங்கரித்து, ஐகான்களையெல்லாம் ஒளித்துவைத்து, படம் பிடித்து, மற்றவர்களுக்குக் காட்ட ஆரம்பித்தார்கள். காட்டி முடிந்ததும் அடுத்த அலங்காரம். இந்த அழகு யாரும் உட்கார்ந்து எழுதாத மேஜையின் அழகு. விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும் விரித்து, அவர் போனதும் மடித்து வைக்கிற மேஜை விரிப்பு.

காட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பார்க்க ஆள் இல்லாத கலை வாடிவிடும். 2000 ஆகஸ்டில் டீவியன்ட் ஆர்ட் என்ற பெரிய கலைக்கூடம் இணையத்தில் பிறந்ததே தோல் செய்கிறவர்களுக்காகத்தான்; தயாரித்தவன் கொடுத்த உருவத்திலிருந்து விலகுகிறவர்கள் என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கிற குறும்பு. அங்கே ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். ஆனால் செய்தவனே இரண்டு நாள் வைத்துக்கொள்ளாத தோலை மற்றவன் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அச்சில் வந்த அன்றைக்குப் பாராட்டுக் கடிதம் வாங்கி, மறுவாரம் எழுதினவனுக்கே பெயர் மறந்துபோகிற கதைகள் நம் பத்திரிகைகளிலும் வந்ததுண்டு.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, ஜனங்களுக்கு ரசனை போதாது, அலங்காரத்தைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே மேல் என்று யாராவது முடிவு கட்டிவிடப் போகிறார்கள். கம்பெனிகள் கட்டின முடிவு அதுதான். 1998 அக்டோபரில் வெளியான மெக்கின்டாஷ் 8.5ஆம் பதிப்புக்காக ஆப்பிள் பல முகங்களைத் தயார் செய்தது. ஹைடெக், கிஸ்மோ என்றெல்லாம் பரீட்சைப் பதிப்புகளில் அவை இருந்தன. வெளியீட்டில் பிளாட்டினம் என்ற ஒரே முகம்தான் வந்தது. 2000 ஜனவரியில் ஆக்வா என்ற புதிய நீர்த்துளி அழகைக் காட்டினார்கள். ரசிகர்கள் அதைப் பார்த்துத் தோல் செய்தபோது, எடுத்துவிடு என்று வக்கீல் கடிதம் போயிற்று. மைக்ரோஸாப்ட் 2001ல் விண்டோஸ் எக்ஸ்பியில் தோல் மாற்றுகிற இயந்திரத்தை உள்ளேயே வைத்தது. நீலம், பச்சை, வெள்ளி என்று மூன்று நிறங்கள் கொடுத்தது. நான்காவதை நாம் செய்து மாட்டலாமென்றால், மைக்ரோஸாப்டின் கையெழுத்து இல்லாத தோலை அந்த இயந்திரம் ஏற்காது. அந்தப் பூட்டை உடைக்கிற சிறு புரோகிராம்களை ஜனங்கள் தேடித் தேடிப் போட்டுக்கொண்டார்கள்.

கம்பெனிகளின் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாத் திரையும் ஒரே மாதிரி இருந்தால் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஓர் ஆபீஸில் நூறு பேர் நூறு தோல் மாட்டியிருந்தால், பழுது பார்க்க வருகிறவர் பாடு திண்டாட்டம்தான். யாரோ செய்ததை வாங்கி மாட்டுவதில் ஆபத்தும் உண்டு. மேஜை மேல் வைக்கிற தன் சொந்தக் கருவிகளையே 2012ல் மைக்ரோஸாப்ட் பாதுகாப்புக் காரணம் சொல்லி விலக்கிக்கொண்டது. இவையெல்லாம் வாஸ்தவம்.

ஆனாலும் நான் ஜனங்களின் பக்கம்தான். பார்வை மங்கினவர்களை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போன்ற பளிச்சென்ற அமைப்புகளை அவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் திரையை மாற்றிக்கொள்வது பொழுதுபோக்கு இல்லை. அது இல்லாவிட்டால் வேலையே இல்லை. என் கண்ணுக்கு எது இதம் என்பதை எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிற நிபுணர் அறிய முடியாது என்பதை ஒப்புக்கொண்டதனால்தான் அந்த ஏற்பாடு. மங்கின கண்ணுக்குக் கொடுத்த நியாயத்தை நல்ல கண்ணுக்கு மறுப்பானேன்? மேலும், ரசனை என்பது பூட்டி வைத்தால் வளர்கிற பொருள் இல்லை. சொந்தமாக ஒரு அவலட்சணத்தைச் செய்து, அதோடு நாலு நாள் வாழ்ந்து, சகிக்காமல் கழற்றி எறிந்தவனுக்குத்தான் அடுத்த முறை அந்த ஒரு புள்ளி நிழல் கண்ணில் படும். ஹாட் டாக் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுக்கிற உரிமை இல்லாத இடத்தில், அதை நிராகரிக்கிற ரசனையும் உண்டாகாது.

இந்தக் கலைக்கு இன்னொரு சோகம் உண்டு. தோலுக்குத் தனி உயிர் கிடையாது. உடம்பு போனால் அதுவும் போயிற்று. புதிய மெக்கின்டாஷ் வந்ததும் கலைடாஸ்கோப் தோல்கள் அநாதையாயின. வின்ஆம்பை 1999ல் ஏஓஎல் கம்பெனி வாங்கியது. 2013ல் மூடிவிடப் போவதாகவும் அறிவித்தது. 2014ல் வேறு கை மாறிப் பிழைத்தது. செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் புனைபெயர்க்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பையன்கள், ஒரு காசும் வாங்காதவர்கள். ஐந்துக்கு ஆறு புள்ளியில் அகரவரிசை முழுவதையும் வரைந்துவிட்டுப் போனவர்களின் பெயர்கூடத் தெரியாது. இந்த வேலை அழிந்துபோகக் கூடாது என்று ஜோர்டன் எல்ட்ரெட்ஜ் என்ற புரோகிராம்காரர் 65,000க்கும் மேற்பட்ட வின்ஆம்ப் தோல்களைச் சேர்த்து 2020ல் இணையத்தில் ஒரு மியூசியம் திறந்தார். அதற்கு முன்பே வின்ஆம்பை இணையத்திலேயே ஓடும்படி மறுபடி எழுதிவைத்திருந்தார். அதனால் அந்தத் தோல்கள் செத்த வண்ணத்துப்பூச்சிகளைப் போலக் குத்தி வைக்கப்படவில்லை. இன்றைக்கும் மாட்டி, பட்டனை அழுத்தி, பாட்டுக் கேட்கலாம். அவற்றில் குப்பை நிறைய இருக்கிறது. நம் கோயில் தூண்களிலும் எல்லாச் சிற்பமும் முதல் தரமில்லை. அதற்காக யாரும் தூணைப் பெயர்ப்பதில்லை.

ஆசையும் செத்துவிடவில்லை. 2020 செப்டம்பரில் ஐபோனில் முகப்புத் திரையை ஓரளவு மாற்ற இடம் கொடுத்ததும், விட்ஜெட்ஸ்மித் என்ற சிறு புரோகிராமைக் கோடிக்கணக்கில் இறக்கிக்கொண்டு ஜனங்கள் தங்கள் போனை ஜோடித்தார்கள். 2024ல் ஐகான்களின் நிறத்தை மாற்ற ஆப்பிளே வழி செய்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளியை 1984ல் தாமாகவே கொடுத்தவர்கள் இவ்வளவு வருஷம் கழித்து நிறத்தைக் கொடுக்கிறார்கள். கொடுத்தவரைக்கும் சந்தோஷம். ஆனால் இதுவும் மண்டபத்துக்காரரின் பட்டியல்தான். 275க்கு 116 என்று ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து, உன்னால் முடிந்ததைச் செய் என்று சொன்ன தாராளம் இதில் இல்லை. அந்தத் தாராளம் திரும்ப வர வேண்டும் என்று கேட்கிற கடமை, திரையின் எதிரில் நாளெல்லாம் உட்காருகிற நமக்கு உண்டு.

வாசகர்களில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ரெயின்மீட்டரை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். அதோடு கூட வருகிற இல்லுஸ்ட்ரோ என்ற தோல் ரொம்பவும் எளிமையானது; அதன் கடிகாரத்தைத் திறந்து எண்களை மாற்றி, எழுத்தை மாற்றி, தமக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். ஒரு வாரம் அதை அப்படியே விட்டுவைத்து வேலையைப் பார்க்கட்டும். எட்டாம் நாளும் அதை எடுத்துவிடத் தோன்றவில்லையென்றால் நல்ல தோல் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எடுத்துவிடத் தோன்றினாலும் நஷ்டமில்லை. ஏன் எடுக்கத் தோன்றியது என்று யோசிக்க ஆரம்பித்த இடத்தில் விமரிசனமும் ஆரம்பமாகிவிட்டது.